ஜெர்சியில் ஊர் இருக்கு, ஊரில் மைதானம் எங்கே?

ஓசூருக்கு ஒரு டிஎன்பிஎல் அணி வேணும் என்ற பேச்சு சீசன் வந்தால் எங்கள் பக்கம் கிளம்பிவிடும். சேலத்துக்கு இருக்கு, திருப்பூருக்கு இருக்கு, திண்டுக்கல்லுக்குக்கூட இருக்கு, இத்தனை கம்பெனி வைத்திருக்கிற நமக்கு ஏன் இல்லை என்பார்கள். டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் எல்லாம் இருக்கும்போது ஸ்பான்சருக்கா பஞ்சம்? சில பேர் அணிக்குப் பெயர்கூட யோசித்து வைத்திருக்கிறார்கள்: ஓசூர் எலிஃபண்ட்ஸ். (ராத்திரியோடு ராத்திரியாக யானை வந்து ராகிக் கொல்லையை மேய்ந்துவிட்டுப் போன எங்க ஊர் ஆளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.)

நான் அஞ்செட்டிக்காரன். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை வழியாக, காட்டுக்குள் இறங்கி ஏறி வந்தால் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். அந்தப் பக்கம் நாட்றாம்பாளையம், அதுக்கும் அப்பால் காவிரி, காவிரிக்கு அக்கரையில் கர்நாடகா. ஓசூருக்கு வருகிற அணி எங்களுக்கும் சேர்த்துத்தான் வரும் என்கிறார்கள். வேண்டாம். அந்த அணியால் எங்களுக்கு மட்டுமில்லை, ஓசூருக்கே ஒரு பிரயோஜனமும் கிடையாது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் கணக்கோடும் சொல்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்து ஆரம்பிக்கலாம். 2016இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இந்த லீகைத் தொடங்கியபோது எட்டு அணிகள். முதல் வருஷமே கோப்பையை எடுத்தது டூட்டி பேட்ரியாட்ஸ். இறுதிப் போட்டியில் சேப்பாக் சூப்பர் கில்லீஸை, அதுவும் சேப்பாக்கத்திலேயே வைத்துத் தோற்கடித்தார்கள். முதல் சாம்பியன் என்ற பெயர் தூத்துக்குடிக்கு. எந்த ஊருக்கும் இதைவிடப் பெரிய தொடக்கம் கிடைக்காது. இன்றைக்கு அந்த அணி எங்கே? 2021 சீசன் வந்தபோது அது சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகியிருந்தது. ஊர் மாறியதற்குத் தூத்துக்குடியில் யாராவது கடையை அடைத்தார்களா? ஒரு சுவரொட்டி? ஒன்றும் கேள்விப்படவில்லை. போனதே தெரியாமல் போனது. ஏனென்றால் அது வந்ததும் ஊருக்குள் வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு டிஎன்பிஎல் மேட்ச்கூட நடந்ததில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், இது நம்ம ஊர் டீம்டா என்று காட்டுவதற்கு ஊருக்குள் இடமே இல்லை. டிவியில் ஓடிய ஒரு பெயர், டிவியிலிருந்தே காணாமல் போனது.

இன்னொரு அணியின் பயணம் இதைவிட வேடிக்கை. திருவள்ளூர் வீரன்ஸ் என்று தொடங்கியது, நடுவில் காஞ்சி வீரன்ஸ் ஆனது, 2021இல் நெல்லை ராயல் கிங்ஸ். திருவள்ளூரில் ஏறி, காஞ்சிபுரத்தில் நின்று, திருநெல்வேலியில் இறங்குகிற விரைவுப் பேருந்து மாதிரி. காரைக்குடி காளை அதே சமயத்தில் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. செட்டிநாட்டுக் காளை ஒரே ராத்திரியில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டது. சேலம், திருப்பூர், நெல்லை என்ற இந்த மூன்று புதுப் பெயர்களும் அரங்கேறிய 2021 சீசன் முழுக்க நடந்தது எங்கே தெரியுமா? கொரோனா காரணமாகச் சென்னை சேப்பாக்கத்தில், ஆளில்லாத கேலரிகளுக்கு முன்னால். அந்த வருஷத்துக்கு அது தவிர்க்க முடியாத ஏற்பாடு. ஆனால் ஊர்ப் பெயர் வைத்த எட்டு அணிகள் ஊர்களே இல்லாமல் ஒரு சீசனை ஆடி முடித்துவிட முடிந்தது என்றால், அந்த லீகுக்கு ஊர் எந்த அளவுக்குத் தேவை என்று யோசிக்கணும்.

2025இல் கோப்பை திருப்பூர் தமிழன்ஸுக்கு. திண்டுக்கல்லை நத்தத்தில் வைத்து வென்றார்கள். நல்ல ஆட்டம், நல்ல அணி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திருப்பூரில் அதுவரைக்கும் ஒரு டிஎன்பிஎல் ஆட்டமும் நடந்திருக்கவில்லை. திருச்சியிலும் அப்படித்தான். மதுரைக்கு 2018இல் கோப்பை கிடைத்தது, மதுரை மண்ணில் மேட்ச் கிடைக்கவில்லை. மதுரைக்காரர்கள் அவர்கள் அணியைப் பார்க்கணும் என்றால் நத்தம் போகணும்.

ஆட்டம் உண்மையில் நடக்கிற இடங்களின் பெயரைக் கவனியுங்கள். சென்னையையும் கோவையையும் விட்டுவிட்டால் மிச்சம் மூன்று: நத்தம், சங்கர் நகர், வாழப்பாடி. நத்தத்தில் என்பிஆர் கல்லூரி மைதானம். சங்கர் நகரில் இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். வாழப்பாடியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் 2020இல் திறந்த மைதானம். இந்த மூன்றில் எந்த ஊரின் பெயரும் எந்த ஜெர்சியிலும் கிடையாது. நத்தம் நாயகர்கள் என்றோ வாழப்பாடி வாரியர்ஸ் என்றோ வைத்தால் ஸ்பான்சர் சிரிப்பார். திண்டுக்கல் என்றால் சரி, நத்தம் என்றால் பட்டிக்காடு. இத்தனைக்கும் நத்தத்திலிருந்து திண்டுக்கல்லும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம். வெயிலில் ரோலர் இழுப்பது, பார்க்கிங்கில் டீ விற்பது, பவுண்டரிக்குப் போன பந்தை எடுத்துப் போடுவது எல்லாம் நத்தத்துப் பையன்கள். பெயர் திண்டுக்கல்லுக்கு.

ஆனால் என் கணக்கில் தூத்துக்குடியைவிட நத்தம்தான் விளையாட்டு ஊர். திருப்பூரைவிட வாழப்பாடி. ஏனென்றால் நாளைக்கே லீக் மூடிப்போனாலும் அங்கே புல் இருக்கும், பிட்ச் இருக்கும்.

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மூன்றும் ஊருக்குச் சொந்தமானவை இல்லை. ஒன்று கல்லூரி, ஒன்று சிமெண்ட் கம்பெனி, ஒன்று தனி அமைப்பு. சங்கர் நகர் இந்தியா சிமெண்ட்ஸால் உருவான ஊர். அந்தக் கம்பெனி 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. மைதானத்தை அவர்கள் நன்றாகவே வைத்துக்கொள்ளட்டும், அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஊரின் மைதானம் எங்கோ நடக்கிற பங்கு விற்பனையோடு சேர்ந்து கைமாறுகிறது என்றால், அந்த ஊரின் விளையாட்டும் யாரோ ஒருத்தரின் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி என்றுதான் அர்த்தம். கம்பெனிகளை நம்பி டீம் கேட்கிற ஓசூர் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

இதற்கு எதிராக வரக்கூடிய பதில் எனக்குத் தெரியும். நடராஜன் யார் கண்டுபிடிச்சது? டிஎன்பிஎல்தானே? சரி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவர் 2016இல் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு ஆடினார். அடுத்த வருஷமே பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. வருண் சக்கரவர்த்தி மதுரைக்கு ஆடி மேலே போனார். சாய் சுதர்சனைக் கோவை 2023 ஏலத்தில் 21.6 லட்சத்துக்கு எடுத்தது. ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கிற வேலையை இந்த லீக் செய்திருக்கிறது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு நல்ல சல்லடை. சல்லடைக்கு ஊர்ப் பெயர் எதற்கு என்பதுதான் என் கேள்வி. அணிகளுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருந்தாலும் நடராஜன் அதே யார்க்கரைத்தான் போட்டிருப்பார்.

அந்த நடராஜன் திரும்பி வந்து என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடி முடித்த ஆள், சொந்த ஊருக்கு அணி வேண்டும் என்று யாரிடமும் போய் நிற்கவில்லை. சின்னப்பம்பட்டியில் ஒரு மைதானம் போட்டார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். டென்னிஸ் பந்து ஆட்டத்திலிருந்து மேலே போனவருக்கு எது இல்லாமல் கஷ்டப்பட்டோம் என்று தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் இந்த ஊர்ப் பெருமையை ஒரு துறையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். பேஸ்பாலில் பெரிய லீகுக்குக் கீழே மைனர் லீக் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. சின்னச் சின்ன ஊர்களில் அணிகள். எந்த ஊர் நல்ல விளையாட்டு ஊர் என்று பட்டியல் போட்டு வாதாடுவது அங்கே ஒரு பொழுதுபோக்கு. நம் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் நமக்கும் என்று ஆசைப்படுகிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. 2019 நிலவரப்படி முழு சீசன் ஆடுகிற மைனர் லீக் அணிக்கு வருஷத்துக்கு 140 ஆட்டம். அதில் பாதி, எழுபது ஆட்டம், சொந்த ஊரில். கோடை முழுக்க வாரத்தில் மூன்று நாலு சாயங்காலம் அந்த ஊரில் விளக்கு எரியும். டிஎன்பிஎல்லில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் மொத்தம் ஏழு ஆட்டம். ஏழில் எத்தனை சொந்த ஊரில்? பல அணிகளுக்குப் பூஜ்யம்.

அந்த எழுபது ஆட்டமும் நிரந்தரமில்லை என்பது 2020 கடைசியில் தெரிந்தது. பெரிய லீக் உட்கார்ந்து கணக்குப் போட்டு, தன்னோடு இணைந்த 160 அணிகளை 120 ஆகக் குறைத்துவிட்டது. நாற்பது ஊர் அம்போ. அதில் ஒன்று நியூயார்க் மாநிலத்தில் உள்ள படேவியா. பதினைந்தாயிரம் பேர் இருக்கிற ஊர், ஒருகாலத்தில் அறுவடை இயந்திரங்கள் செய்த ஊர். 1939இல் அந்த வட்டார லீக் பிறந்ததே அங்கேதான். மக்டாக்ஸ் என்று அணி. சேற்று நாய்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எங்க ஊர் டென்னிஸ் பால் டீம்களின் பெயர்கள் இதைவிட மோசம். பெரிய லீக் கைகழுவிய அடுத்த வருஷமே, 2021இல், கல்லூரிப் பையன்கள் ஆடுகிற கோடைக்கால லீகில் அதே பெயரோடு, அதே மைதானத்தில் அணி திரும்ப எழுந்து நின்றது. எப்படி முடிந்தது? டுவையர் ஸ்டேடியம் நகராட்சியுடைய சொத்து. அணி போனாலும் கேலரி போகவில்லை. இன்னொரு அணி வந்து உள்ளே நுழைய வாசல் இருந்தது.

தூத்துக்குடி படேவியாவைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஊர். பணமும் அதிகம், கிரிக்கெட் ஆசையும் குறைவில்லை. இல்லாதது ஒரு வாசல்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே உதாரணம் வேணுமென்றால் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலைமிட்டாய், பஞ்சாலை என்று இருக்கிற இன்னொரு தொழில் ஊர். அதற்கு எந்த டிவி லீகும் பெயர் தரவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே ஹாக்கி ஆடுகிறார்கள். அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது, செயற்கைப் புல்தரை இருக்கிறது, அரசு விளையாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு மையம் இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பை ஹாக்கிக்கு இந்திய அணியில் போன மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன். கூடவே போன அரியலூர்க்காரர் கார்த்தி செல்வமும் பயிற்சி எடுத்தது கோவில்பட்டியில். வேறு மாவட்டத்துப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கி ஆடுகிற ஊர்தான் விளையாட்டு ஊர். திருப்பூருக்குக் கோப்பை இருக்கலாம். அந்தக் கோப்பைக்காகத் திருப்பூருக்கு யாரும் கிரிக்கெட் கற்றுக்கொள்ள பஸ் ஏறவில்லை.

இப்போது எங்கள் எல்லைக்கு வருகிறேன். இங்கே விளையாட்டு இல்லை என்று யாராவது சொன்னால் அவர் ஜனவரியில் இந்தப் பக்கம் வந்ததில்லை. ராகி அறுத்து முடிந்த கொல்லைகளில் எல்லாம் டென்னிஸ் பால் டோர்னமெண்ட். நுழைவுக் கட்டணம், ஆளுயரக் கோப்பை, சில இடத்தில் பரிசாக ஒரு கெடா. யூடியூபில் நேரலை வேறு. வர்ணனை தமிழில் தொடங்கி, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் கைதட்டி முடியும். ஒரே டீமில் பாதிப் பேர் சிஎஸ்கே, பாதிப் பேர் ஆர்சிபி. ஆச்சரியமே இல்லை: ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர், சென்னை முந்நூறு. எங்க பையன் மஞ்சளா சிவப்பா என்று ஊர்ப்பற்று விசாரணை நடத்துகிறவர்கள் முதலில் இந்தத் தூரத்தை நடந்து பார்க்கட்டும். ஓசூர் எலிஃபண்ட்ஸ் வந்தால் இந்தப் பையன்களுக்கு ஒரு அடையாளம் கிடைக்கும் என்கிறார்கள். அடையாளத்துக்கு இங்கே பஞ்சமே கிடையாது, ஒவ்வொருத்தனிடமும் மூன்று இருக்கிறது. பந்து போட இடம்தான் இல்லை. ஜூன் மாதம் மழை விழுந்து உழவு ஓட்டினால் அந்த பிட்ச் அதோடு சரி. அடுத்த ஜனவரி வரைக்கும் ஆட்டம் போனில்.

எருது விடும் விழாவையும் சொல்லாமல் விட முடியாது. 2023 பிப்ரவரி 2ஆம் தேதி, சூளகிரி பக்கம் கோபசந்திரத்தில், விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று கூடிய கூட்டம் தேசிய நெடுஞ்சாலையையே மறித்தது. வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றன. கல்லெறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆட்டத்துக்காக இந்த மாவட்டம் ரோட்டுக்கு வரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். தூத்துக்குடி அணி போனபோது வராத கூட்டம் அது. அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று மட்டும் எழுதிவிட்டு, விளையாட்டு ஆர்வம் என்றால் டிக்கெட் வாங்குவது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த மாவட்டம் புரியாது.

ஓசூருக்கு அந்திவாடி விளையாட்டரங்கம் இருக்கே என்பார்கள். இருக்கு. மூன்று ஷிப்டில் வேலை நடக்கிற, லட்சக்கணக்கான பேர் வாழ்கிற மாநகராட்சிக்கு அது எந்த மூலைக்கு? கம்பெனி மதில்களுக்குள் எவ்வளவு நல்ல தரை இருந்தாலும் அது அடையாள அட்டைக்குத்தான் திறக்கும், ஒப்பந்தத் தொழிலாளியின் அட்டைக்குத் திறக்குமா என்பது வேறு கதை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு ஆயிரக்கணக்கில் இருபது வயசுப் பெண்கள் விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகிறார்கள். இவர்களில் பள்ளியில் கபடியும் கோகோவும் ஆடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஷிப்ட் முடிந்து அவர்கள் எங்கே விளையாடுகிறார்கள்? ஓசூர் எலிஃபண்ட்ஸ் கனவில் இவர்களுக்கு என்ன இடம்? கேலரியில் கொடி ஆட்டுகிற இடமா?

அரசும் சும்மா இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2024இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணங்கள் கொடுக்கும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். மட்டை வந்தது, வலை வந்தது. வலையை எந்த இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டுவது என்று மட்டும் சொல்லவில்லை. அப்புறம் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்கிறார்கள். அஞ்செட்டி தளி தொகுதியில் வருகிறது. தளிக்கு நாங்கள் போகணும் என்றால் தேன்கனிக்கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகணும், இருட்டினால் காட்டு ரோட்டில் யானை. தொகுதிக்கு ஒன்று என்பது சென்னையில் நடந்து போகிற தூரம். எங்களுக்கு அது கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிற தூரம்.

2024 ஜூனில் ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையம் அறிவித்தார்கள். 2,000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள். அந்த 2,000 ஏக்கரை வைத்து ஒரு சின்னக் கணக்கு. நல்ல கிரிக்கெட் மைதானத்துக்கு நடுவிலிருந்து பவுண்டரி எழுபது மீட்டர் போதும். வட்டம் போட்டால் நாலு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஓடுபாதையும் கபடிக் களமும் கழிப்பறையும் சேர்த்து ஆறு ஏக்கர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், தளி, அஞ்செட்டி, சூளகிரி, பாகலூர், வேப்பனப்பள்ளி, இப்படி எல்லை நெடுக எட்டு ஊருக்குப் போட்டாலும் நாற்பத்தெட்டு ஏக்கர். விமான நிலையத்தில் நாற்பதில் ஒரு பங்குகூட வரவில்லை.

டீம் கேட்கிறவர்கள் கேட்கிற அதே குரலில் இதைக் கேட்கலாமே. நிலம் ஊராட்சி பெயரில், பேரூராட்சி பெயரில், மாநகராட்சி பெயரில் இருக்கணும். கல்லூரி, கம்பெனி, அறக்கட்டளை எதுவும் வேண்டாம். சாவி ஊரில் இருக்கணும். இரவு ஷிப்ட் முடித்தவன் காலையில் ஆட, பகல் ஷிப்ட் முடித்தவள் ராத்திரி ஆட விளக்கு வேணும். அஞ்செட்டி பஸ் ஆட்டம் முடிந்த பிறகு கிளம்பணும்.

இதில் அவசரமும் இருக்கிறது. அஞ்செட்டியைச் சுற்றிப் பெரும்பாலும் காப்புக்காடு. அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது, அது யானையின் மைதானம். மிச்சம் இருக்கிற பட்டா நிலத்தையும் புறம்போக்கையும் வைத்துத்தான் நாங்கள் பிழைக்கணும். விமான நிலையம் என்ற சொல் வந்த நாளிலிருந்து ஓசூரைச் சுற்றி நிலம் விசாரிக்கிற கார்கள் நிற்கிற இடம் தள்ளித் தள்ளிப் போகிறது. தேன்கனிக்கோட்டை ரோட்டில் மனைக் கல் நட்ட கொல்லைகளை பஸ்ஸிலிருந்தே எண்ணலாம். அதில் ஒன்று போன வருஷ ஜனவரி வரைக்கும் டோர்னமெண்ட் நடந்த இடம். இந்த ஜனவரியில் பையன்கள் மனைக் கல்லையே ஸ்டம்பாக வைத்து ஆடினார்கள். தரகர் வந்து விரட்டினார்.